பழைய பிரிண்டர் மோட்டார்: திசை மாற்றும் சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறது, ஏன்?

தண்டவாளம்:

வணக்கம். வேலை செய்யாத இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றைப் பிரித்தேன். மை வண்டி ஓடும் இரும்புத் தண்டு, பல் பெல்ட், மோட்டார் எல்லாம் ஒரே சட்டத்தில் பிசகாமல் இருந்தன. தனித்தனியாகக் கழற்ற மனம் வரவில்லை. வண்டியின் மேல் ஒரு அலுமினியத் தகட்டைத் திருகி, அதில் கேமராவை வைத்து, இடமும் வலமும் நகரும் ஸ்லைடராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மைக்ரோகண்ட்ரோலர், புரோகிராம் எதுவும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் வலது, மறுபக்கம் தட்டினால் இடது, ஓரத்துக்குப் போனதும் தானே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கையில் இருப்பது: இரண்டு வயர் உள்ள டிசி மோட்டார். வோல்ட் எதுவும் எழுதவில்லை, நீளமாக ஏதோ நம்பர் மட்டும் இருக்கிறது. 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர். ஆறு கால் உள்ள சின்ன டாகிள் சுவிட்ச், அதன் முதுகில் 250 வோல்ட் ஏசிக்கு 3 ஆம்பியர், 125 வோல்ட் ஏசிக்கு 6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அப்புறம், பழைய மைக்ரோவேவ் அவன் கதவிலிருந்து எடுத்த மூன்று மைக்ரோசுவிட்ச்கள், 16 ஆம்பியர் தாங்குபவை. டாகிளின் நடு இரண்டு காலில் மோட்டார், ஓரத்து நாலு காலில் அடாப்டர் வயரைக் குறுக்கே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மைக்ரோசுவிட்ச்களை மோட்டார் வயரில் தொடராக, இரண்டு ஓரத்திலும்.

முதலில் நன்றாக ஓடியது. இப்போது டாகிள் ஒட்டிக்கொள்கிறது. நெம்புகோல் மறுபக்கம் போகிறது, உள்ளே தொடர்பு மாறுவதில்லை. ஒருமுறை ஓரத்து சுவிட்சைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் அப்படி ஆகி, வண்டி முட்டிக்கொண்டு நிற்க, பெல்ட் பல் தாண்டி கரகரவென்று சத்தம். அடாப்டரின் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. டாகிளை விரலால் சுண்டினால் விடுபடுகிறது, பிறகு மறுபடியும் ஒட்டுகிறது.

மீட்டரை வைத்துப் பார்த்தால் ஓடும்போது 0.3 ஆம்பியர்தான். 3 ஆம்பியர் சுவிட்சுக்கு இது பத்தில் ஒரு பங்கு. எப்படிப் போதாமல் போகும்?

இன்னும் சில சில்லறைக் கேள்விகள். ஓரத்தில் மைக்ரோசுவிட்ச் அழுந்தி வண்டி நின்ற பிறகு திரும்பி வர மறுக்கிறது, கையால் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. மூன்று மைக்ரோசுவிட்சில் ஒன்று மட்டும் மற்ற இரண்டுக்கும் நேர்மாறாக வேலை செய்கிறது, அது பழுதா? வேகத்தைக் குறைக்க என்ன செய்யலாம்? அதே பிரிண்டரில் நாலு வயர் உள்ள இன்னொரு மோட்டாரும் இருந்தது. அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் ஒரே ஒரு துள்ளல், பிறகு அசையாமல் சூடாகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?


பழைய சால்டர்:

எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த டாகிளைத் தவிர.

0.3 ஆம்பியர் என்பது மோட்டார் சுகமாக ஓடும்போது எடுக்கும் கணக்கு. சுவிட்ச் அந்த நேரத்தில் எந்தக் கஷ்டமும் படுவதில்லை. அதன் உயிர் போவது நீங்கள் தட்டும் அந்த ஒரு நொடியில். ஆகவே மீட்டரை ஆம்பியரில் வைப்பதற்கு முன்னால் ஓமில் வையுங்கள். மோட்டாரை எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, இரண்டு காலுக்கும் நடுவில் எவ்வளவு ஓம் என்று பாருங்கள். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும், ஏனென்றால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ் ஒவ்வொரு பட்டையிலும் உட்காரும்போது எண் மாறும். கிடைப்பதில் மிகக் குறைந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் காட்டும் ஓமை அதிலிருந்து கழித்துவிட வேண்டும்.

ஒரு பேச்சுக்கு 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால் 12ஐ 5ஆல் வகுத்து 2.4 ஆம்பியர் இழுக்கும். சுழலத் தொடங்கியதும் அது தானே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து, கொடுத்த வோல்ட்டை எதிர்த்துத் தள்ளும். அதனால்தான் உங்கள் மீட்டரில் 0.3. அந்த 0.3ஐ 5 ஓமால் பெருக்கினால் 1.5 வோல்ட். மிச்சம் 10.5 வோல்ட் மோட்டார் எதிர்த்துத் தள்ளுவது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே டாகிளைத் திருப்பிப் போடுகிறீர்கள். ஷாஃப்ட் இன்னும் பழைய திசையில் சுற்றுகிறது. இதுவரை எதிர்த்துத் தள்ளிய அந்த 10.5 வோல்ட் இப்போது அடாப்டரோடு கைகோத்துக்கொள்ளும். 12ம் 10.5ம் சேர்ந்து 22.5 வோல்ட், 5 ஓம் வழியாக: 4.5 ஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டர் இதைத் தராதே என்பீர்கள். அடாப்டர் தராவிட்டாலும் அதன் வெளியீட்டில் இருக்கும் கெப்பாசிட்டர் தரும், கண நேரத்துக்கு. சுவிட்ச் ஒட்ட அந்தக் கண நேரமே போதும்.

ஒட்டுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சின் தொடுமுனை ஒரே தட்டில் போய் உட்காருவதில்லை. தொடும், துள்ளும், மறுபடி தொடும். சில மில்லி நொடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் துள்ளி விலகும் அந்த மயிரிழை இடைவெளியில் பொறி எழும்பி வெள்ளி முனையில் ஒரு புள்ளி உருகும். உருகிய புள்ளியின் மேலேயே முனை திரும்ப வந்து உட்கார்ந்து ஆறினால், அது வெல்டிங். விரலால் சுண்டும்போது அந்த வெல்டை உடைக்கிறீர்கள். உடைந்த இடம் சொரசொரப்பாகிவிட்டதால் அடுத்த முறை இன்னும் எளிதாக ஒட்டும். அதனால்தான் அந்த டாகிளுக்கு மட்டும் விடை கொடுங்கள் என்றேன்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. உங்கள் டாகிளுக்கு நடு நிலை இல்லை, இல்லையா? இரண்டே நிலை. குறுக்கு வயரிங்கில் ஒவ்வொரு பக்கமும் ஒரு காலில் பிளஸ், எதிர்க்காலில் மைனஸ். நெம்புகோல் பாயும்போது பழைய பக்கத்துப் பொறி அணைவதற்குள் புதிய பக்கம் தொட்டுவிட்டால், பொறி வழியாகவே பிளஸும் மைனஸும் ஷார்ட். நடுவில் நின்று போகும் வகையை வாங்குங்கள். பார்க்க அச்சு அசல் இதைப் போலவே இருக்கும். உங்களுடையது எம்டிஎஸ்-202 என்றால் அது எம்டிஎஸ்-203. நடுவில் ஒரு கணம் நிறுத்தி, வண்டி நின்றதும் மறுபக்கம் தள்ளினால் 4.5 ஆம்பியர் கதையே கிடையாது, 2.4தான். அவசரக்கை உள்ளவர்கள் என்றால் 10 ஆம்பியர் வகைப் பெரிய டாகிளே போட்டுவிடுங்கள்.

முதுகில் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றி ஒன்று. அது ஏசிக்கு உரிய எண். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், ஒவ்வொரு தடவையும் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த வாய்ப்பு கிடையாது. மைக்ரோவேவில் வரும் இந்த மைக்ரோசுவிட்ச் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 250 வோல்ட் ஏசிக்கு 15 ஆம்பியர் என்று மார்தட்டும் சுவிட்சின் டேட்டாஷீட்டில், 125 வோல்ட் டிசி வரிக்குப் போனால் 0.6 ஆம்பியர் என்று இருக்கும். 250 வோல்ட் டிசி என்றால் 0.3. நல்லவேளையாக நீங்கள் 12 வோல்ட்டில் இருக்கிறீர்கள். வெள்ளி முனைகளுக்கு நடுவில் பொறி தொடர்ந்து நிற்கக் கிட்டத்தட்ட 12 வோல்ட்டாவது வேண்டும், அதனால் உங்கள் மைக்ரோசுவிட்ச்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நாளைக்கு வேகம் வேண்டும் என்று 24 வோல்ட்டுக்குத் தாவினால் இந்தச் சலுகை போய்விடும்.

அடாப்டர் விளக்கு மின்னியதே, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அளவுக்கு மேல் இழுத்ததும் மூடிவிட்டு, சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்து, மறுபடி மூடும். நல்ல அடாப்டர், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் நின்ற பிறகு திரும்பாதது பழுதல்ல. சுவிட்ச் திறந்துவிட்டது, சுற்று அறுந்துவிட்டது, பிறகு எந்தப் பக்கத்திலிருந்து கொடுத்தாலும் மின்சாரம் எப்படிப் போகும்? ஒவ்வொரு ஓரச் சுவிட்சுக்கும் குறுக்கே ஒரு டயோடு போட வேண்டும். டாகிளின் ஒரு வெளியீட்டிலிருந்து இடது ஓரச் சுவிட்ச், அதிலிருந்து வலது ஓரச் சுவிட்ச், அதிலிருந்து மோட்டாரின் ஒரு கால். மோட்டாரின் மறு கால் நேராக டாகிளுக்கு. இரண்டு டயோடுகளின் வெள்ளைப் பட்டையும் ஒன்றையொன்று பார்த்தபடி, இரண்டு சுவிட்சும் சந்திக்கும் நடுப்புள்ளியில் சேர வேண்டும். படம் வரையாமலே நினைவில் வைத்துக்கொள்ள இது ஒன்று போதும். வலது ஓரம் திறந்தால் வலப்பக்கம் போகும் மின்சாரம் டயோடில் முட்டி நிற்கும், இடப்பக்கம் போவது டயோடு வழியே நுழைந்துவிடும். வண்டி சற்று நகர்ந்ததும் சுவிட்ச் மூடிக்கொள்ளும், டயோடுக்கு ஓய்வு. 1என்4007 தாக்குப்பிடிக்கும். 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 கிடைத்தால் அதையே போடுங்கள், கிளம்பும் நேரத்து 2.4 ஆம்பியர் முழுவதும் அந்த டயோடு வழியாகத்தான் போகிறது.

நேர்மாறாக வேலை செய்யும் மூன்றாவது சுவிட்ச் பழுதே இல்லை. மைக்ரோவேவ் கதவில் பொதுவாக மூன்று இருக்கும். இரண்டு, கதவு மூடினால் இணைப்பவை. மூன்றாவது, கதவு திறந்தால் இணைவது, காவலுக்கு நிற்பது. முதல் இரண்டும் ஒட்டிப்போய்க் கதவு திறந்தும் மின்சாரம் பாய்ந்தால், இது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை ஊதிவிடும். அதாவது, உங்கள் டாகிளுக்கு வந்த நோய் அங்கே வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்த சுவிட்ச். உங்கள் ஓரங்களுக்கு அழுத்தினால் திறக்கும் வகை இரண்டு வேண்டும். அந்த மூன்றாவது அப்படிப்பட்டதுதான். மற்ற இரண்டில் மூன்று கால் இருந்தால் அழுத்தினால் திறக்கும் காலுக்கு வயரை மாற்றினால் சரி. இரண்டு கால்தான் என்றால் ஓரத்துக்கு உதவாது. அந்த மைக்ரோவேவின் ஃபியூஸ் ஊதிப்போயிருந்தது என்றால் மூன்றாவதையும் நம்ப வேண்டாம், முழு ஷார்ட் மின்சாரத்தையும் அது ஒருமுறை வாங்கியிருக்கும்.

படிக்கும் மற்றவர்களுக்கு: சுவிட்சுக்காக மைக்ரோவேவைப் பிரிக்கப் போகிறவர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை இறக்க வைத்திருக்கும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் நமக்குத் தெரியாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் சுவிட்சைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.


விரல்நுனி:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடைப் போட்டால் பொறி நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மோட்டாரை ஓட்டும் எல்298என் டிரைவர் போர்டு ஒன்று, சின்ன மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று. சுவிட்ச் வழியாக சில மில்லி ஆம்பியர்தான் போகும், ஒட்டவே ஒட்டாது. வேகமும் புரோகிராமில் குறைத்துக்கொள்ளலாம்.


பழைய சால்டர்:

விரல்நுனி, முதல் யோசனையை யாரும் செய்து பார்த்துவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே திசையில் ஓடும் மோட்டாருக்கு அது சரி. திசை மாறும் மோட்டாருக்குக் குறுக்கே டயோடு போட்டால் ஒரு திசையில் அந்த டயோடே அடாப்டரை ஷார்ட் செய்யும். இங்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், 104 என்று எழுதியிருக்குமே, அதை மோட்டாரின் இரண்டு காலுக்கும் நடுவில், உடலை ஒட்டியே பற்ற வையுங்கள். இன்னும் அமைதி வேண்டுமென்றால் ஒவ்வொரு காலிலிருந்தும் மோட்டாரின் இரும்பு உடலுக்கு இன்னும் ஒன்று. உடலில் பெயின்டோ பூச்சோ இருந்தால் சுரண்டிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஈயம் முத்தாக உருண்டு விழும். ஆனால் இது பிரஷ் எழுப்பும் இரைச்சலுக்குத்தான். சுவிட்ச் திறக்கும்போது காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், உதைக்கும் உதையை வாங்க, இரு திசையும் தாங்கும் டிவிஎஸ் (மிகை வோல்ட்டை விழுங்கும் டயோடு) ஒன்று மோட்டாருக்குக் குறுக்கே போடலாம். 12 வோல்ட்டுக்கு பி6கேஇ18சிஏ பொருந்தும். கடைசி எழுத்துகளான சிஏ முக்கியம். வெறும் ஏ என்றால் ஒரு திசை வகை, திரும்பவும் அதே டயோடு கதை.

எல்298என் எனக்குப் பிடிக்காது, மறைக்க ஒன்றுமில்லை. பழைய இருமுனை டிரான்சிஸ்டர் வகை. 1 ஆம்பியருக்கே 2 வோல்ட்டைச் சூடாக்கித் தின்றுவிடும். 12 கொடுத்தால் மோட்டாருக்குப் பத்துதான் போய்ச் சேரும். மாஸ்ஃபெட் வகை டிரைவர்கள் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் அதை ஏன் சிபாரிசு செய்ய வேண்டும்? டிஆர்வி8871 ஒன்று, 45 வோல்ட் வரை தாங்கும், உச்சத்தில் 3.6 ஆம்பியர், அதுவே கரண்ட்டைக் கட்டுப்படுத்தவும் செய்யும். ஆனால் கேட்டவர் போர்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

ஒரு விஷயத்தில் விரல்நுனி சொல்வதில் பொருள் உண்டு: வேகம். பிரிண்டர் வண்டி மோட்டாரில் கியர் கிடையாது. வேகமாக ஓடுவதற்கென்றே சுற்றப்பட்டது. பிரிண்டருக்குள் அது மெதுவாகவும் நடந்தது என்றால், பின்னால் நீளமாக ஒரு பிளாஸ்டிக் நாடா இருந்திருக்குமே, மெல்லிய கோடுகள் போட்டது, அதை ஒரு சென்சார் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டே இருந்ததால்தான். திருத்த ஆளில்லாமல் வோல்ட்டை மட்டும் குறைத்தால், நிற்கும், எகிறும், நிற்கும். பிடபிள்யூஎம், அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் துடிப்பாகக் கொடுக்கும் முறை, போட்டால் கொஞ்சம் தேவலாம். சில நூறு ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒவ்வொரு துடிப்பும் உராய்வைத் தாண்டித் தள்ளும், மெதுவான கிளம்பலுக்கு அது நல்லது, ஆனால் மோட்டார் முனகும். 20 கிலோஹெர்ட்ஸில் சத்தம் இருக்காது. படத்தோடு ஒலியும் பதிவு செய்கிறவர் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். பிடபிள்யூஎம் மாட்யூலை அடாப்டருக்கும் டாகிளுக்கும் நடுவில் வையுங்கள், டாகிளுக்குப் பிறகு வைத்தால் திசை மாறும்போது அதற்கே பிளஸ் மைனஸ் தலைகீழாகிவிடும்.


பல்சக்கரம்:

மின்சாரம் எனக்குக் கொஞ்சம் தூரம், இயந்திரப் பக்கம் பேசுகிறேன். பெல்ட் பல் தாண்டியது என்றீர்கள். மோட்டாருக்கு எதிர்ப்பக்கத்துப் புல்லியைப் பாருங்கள். அது ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும். மை வண்டிக்கு ஏற்ற அளவு இழுவைதான் அந்த ஸ்பிரிங்கில் இருக்கும், கேமராவின் எடை அதற்குப் புதுசு. கிளம்பும் குலுக்கலில் ஸ்பிரிங் அமுங்கிப் பெல்ட் தளர்ந்து பல் ஏறுகிறது.

சிலர் அந்தப் புல்லியைத் திருகி இறுக்கி அசையாமல் செய்துவிடுவார்கள். செய்யாதீர்கள். வண்டி முட்டும்போது பல் தாண்டுவதுதான் உங்களுக்குக் கிடைத்த இலவசப் பாதுகாப்பு. அது இல்லாவிட்டால் அந்த விசை முழுவதும் மோட்டார் புல்லியின் மேல் விழும், அது ஷாஃப்டில் வெறுமனே அழுத்தி ஏற்றியது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றினால் போதும்.

ஓரச் சுவிட்சை வண்டி நேராக வந்து மோதும்படி வைக்காதீர்கள். பக்கவாட்டில் வைத்து, வண்டியில் ஒரு சரிவான துண்டை ஒட்டி, அது லீவர் மேல் ஏறிக் கடந்து போகும்படி செய்யுங்கள். சுவிட்ச் திறந்த பிறகும் வண்டி உருளும், மோட்டாரில் பிரேக் இல்லையே. லீவர் அழுந்தியே இருக்கும்படி அந்தச் சரிவுத் துண்டு நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்து வண்டி அதைத் தாண்டிவிட்டால் சுவிட்ச் மறுபடி மூடி, மோட்டார் திரும்பக் கிளம்பிவிடும்.

மோட்டார் நம்பரைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். எந்த நிறுவனத்துடையது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மபுச்சி மோட்டார்களில் கடைசியில் வரும் எண் சுற்றைச் சொல்லும். எஃப்ஏ-130ஆர்ஏ-2270 என்றால் 0.22 மில்லிமீட்டர் கம்பி, 70 சுற்று. அதே உடலில் 18100 என்றால் 0.18 கம்பி, 100 சுற்று. முன்னது 1.5 வோல்ட்டுக்கு, பின்னது 3 வோல்ட்டுக்கு. அதாவது வெளி உருவத்தைப் பார்த்து வோல்ட் சொல்லவே முடியாது. பிரிண்டர்களுக்காகத் தனியாகச் செய்தவற்றில் எண் வெளியே எங்கும் கிடைக்காமலும் போகலாம்.


தண்டவாளம்:

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். ஷாஃப்டைத் திருப்பத் திருப்ப 4.8 ஓமிலிருந்து 7 வரை போகிறது. சால்டர் அண்ணன் பேச்சுக்குச் சொன்ன 5 கிட்டத்தட்ட அப்படியே. அப்படியானால் நிற்கும்போது 2.5 ஆம்பியர்.

நடு நிலை உள்ள டாகிள் போட்டாகிவிட்டது. மைக்ரோசுவிட்ச்களில் ஒன்றில் மூன்று கால் இருந்தது, அதையும் அந்தக் காவல் சுவிட்சையும் ஓரத்துக்கு எடுத்துக்கொண்டேன். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. டயோடு இரண்டையும் வெள்ளைப் பட்டை ஒன்றையொன்று பார்க்கும்படி பற்றவைத்தேன். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, வண்டி வலப்பக்கம் போக வேண்டிய திசையில் சுற்றும்போது வலது சுவிட்சை விரலால் அழுத்தினால், நிற்கவே இல்லை! வேகம் மட்டும் சற்றே குறைகிறது. இடது சுவிட்சை அழுத்தினால் நிற்கிறது. டயோடுகளைத் திருப்பிப் போட வேண்டுமா?

அப்புறம் அந்த நாலு வயர் மோட்டார்?


பழைய சால்டர்:

டயோடைத் தொடாதீர்கள். மோட்டாரின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றிப் பற்ற வையுங்கள், சரியாகிவிடும். வலது சுவிட்ச் திறந்தும் ஓடுகிறது என்றால் மின்சாரம் அதன் டயோடு வழியாகப் போகிறது. வேகம் சற்றே குறைவது டயோடு தின்னும் 0.7 வோல்ட். பெல்ட்டைக் கழற்றிவிட்டு விரலால் சோதித்தீர்களே, அது நல்ல புத்தி. பெல்ட்டோடு ஓட்டியிருந்தால் இரண்டு ஓரத்திலும் முட்டியிருக்கும்.

பெல்ட்டை மாட்டும் முன் இன்னொன்று. அடாப்டருக்கும் டாகிளுக்கும் நடுவில் தொடராக 12 வோல்ட் 10 வாட் வாகனப் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எரியும்போது அதன் இழை 14 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மோட்டார் சுகமாக ஓடினால் பல்பு கண்ணுக்கே தெரியாது. கிளம்பும்போது லேசாக மினுக்கும். எங்காவது சிக்கினால் பளிச்சென்று எரிந்து, 2.5 ஆம்பியரை 1க்குக் கீழே அடக்கிவிடும். எல்லாம் சரி என்று மனம் ஒப்பிய பிறகு பல்பைக் கழற்றலாம். நான் என் மேஜையில் கழற்றுவதே இல்லை, எந்தப் பழைய பொருளுக்கும் முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான்.

நாலு வயர் மோட்டார் ஸ்டெப்பர், அதாவது படிப்படியாக நகரும் வகை. காகிதத்தை நகர்த்தவோ ஸ்கேனர் பகுதியை ஓட்டவோ இருந்திருக்கும். உள்ளே இரண்டு தனித்தனிக் காயில்கள். டிசி கொடுத்தால் காந்தம் ஒரு இடத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதுதான் நீங்கள் பார்த்த ஒற்றைத் துள்ளல். எந்த இரண்டு வயர் ஒரு ஜோடி என்று தெரிய மீட்டர்கூட வேண்டாம். எதையும் இணைக்காமல் ஷாஃப்டை விரலால் சுற்றிப் பாருங்கள், பிறகு ஏதாவது இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். திடீரென்று கெட்டியாகி, பல் பல்லாகத் தடுத்தால் அந்த இரண்டும் ஒரே காயில். கெட்டியாகவில்லை என்றால் வேறு இரண்டு. அந்த ஜோடியில் ஒரு எல்இடியை வைத்து வேகமாகச் சுற்றினால் எரியவும் செய்யும்.

மெதுவான ஸ்லைடருக்கு உண்மையில் பொருத்தமானது அதுதான், சொன்னால் வருத்தப்படாதீர்கள். ஆனால் அதற்கு டிரைவர் வேண்டும், ஏ4988 மாதிரி ஒன்று, அதற்குத் துடிப்பு கொடுக்க ஏதாவது வேண்டும். போர்டு வேண்டாம் என்றால் ஒரு 555 ஐசியே அந்தத் துடிப்பைக் கொடுக்கும், ஒரு பொட்டன்ஷியோமீட்டரைத் திருப்பினால் வேகம் மாறும், உங்கள் பிடிவாதமும் காப்பாற்றப்படும். திசைக்கு டிரைவரில் தனிக் கால் இருக்கிறது, அங்கே சாதாரண டாகிள் போதும், மோட்டார் மின்சாரம் அதன் வழியாகப் போகாது. ஓரச் சுவிட்ச்களை அங்கே மோட்டார் வயரில் போடக் கூடாது. ஓடும்போது ஸ்டெப்பர் வயர் அறுந்தால் டிரைவர் ஐசி போய்விடும். துடிப்பு போகும் வழியை நிறுத்த வேண்டும், திசைக்கு ஏற்ப எந்த ஓரம் என்று பிரித்தும் கொடுக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் வழியாக மில்லி ஆம்பியர்கூட முழுதாகப் போகாது. 16 ஆம்பியருக்கான மைக்ரோவேவ் சுவிட்ச் அதற்கு ஒத்துவராது. பெரிய மின்சாரத்துக்கான வெள்ளி முனையில் படியும் கறுப்பை எரித்துத் துடைக்கப் பொறி வேண்டும், இவ்வளவு சின்ன மின்சாரத்தில் பொறி வராது. சில நாள் வேலை செய்யும், பிறகு தொட்டும் தொடாததுபோல் நடிக்கும். அந்த இடத்துக்கு அதே பிரிண்டரில் தேடுங்கள். காகிதம் வந்துவிட்டதா என்று பார்க்க யு வடிவ ஒளி சென்சார் ஒன்றாவது இருக்கும். ஒரு கையில் எல்இடி, மறு கையில் ஒளி டிரான்சிஸ்டர். 5 வோல்ட் என்றால் எல்இடிக்கு 330 ஓம், டிரான்சிஸ்டரின் கலெக்டரை 5 வோல்ட் பக்கம் இழுக்க 10 கிலோஓம் ரெசிஸ்டர். எந்தக் கை எல்இடி என்று தெரியாவிட்டால் மீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள், 1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பக்கம் எல்இடி. போன் கேமராவில் சில சமயம் ஊதாவாகத் தெரியும், சில போன்களில் தெரியாது.


தண்டவாளம்:

மோட்டார் வயரை மாற்றினேன், இரண்டு ஓரத்திலும் நிற்கிறது, திரும்பியும் வருகிறது. பல்பும் மாட்டியிருக்கிறேன், கிளம்பும்போது மட்டும் மினுக்குகிறது. யு வடிவ சென்சார் இரண்டு கிடைத்தன, ஒன்றில் நாலு கால், இன்னொன்றில் மூன்றுதான்.


பழைய சால்டர்:

மூன்று கால் என்றால் பெரும்பாலும் உள்ளேயே ஒரு கால் பொது. பிரிண்டர் போர்டில் அது உட்கார்ந்திருந்த இடத்தில் செப்புத் தடத்தைப் பின்தொடருங்கள். கனமான தடத்தில் போய்ச் சேர்வது கிரவுண்டாக இருக்கும், சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போவது எல்இடி. போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா, இருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.